‘ஒத்துக்கிட்டான்’ என்றதும் வழக்கு முடிந்துவிடாது

ஹவாய் தீவுகளில் நடக்கும் ‘ஹவாய் ஃபைவ்-ஓ’ என்ற போலீஸ் தொடர், அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1968இல் தொடங்கி 1980 வரை ஓடியது. முப்பது வருடம் கழித்து, 2010இல், அதையே புதிதாக எடுத்தார்கள். மார்ட்டன் ஸ்டீவன்ஸ் போட்ட பழைய தீம் இசையை விடவில்லை. மெக்கேரட், டேனி, சின் ஹோ, கோனோ என்ற பெயர்களையும் விடவில்லை. முன்பு ஆணாக இருந்த கோனோ மட்டும் இதில் பெண். புதிய தொடரும் பத்து சீசன் ஓடி 2020இல்தான் முடிந்தது. கடல், கார் துரத்தல், இரண்டு நண்பர்களின் ஓயாத வாய்ச்சண்டை என்று நானும் விரும்பிப் பார்த்த தொடர்தான்.

பழைய தொடரில் ஜாக் லார்ட் நடித்த போலீஸ் படைத் தலைவர் மெக்கேரட்டும் கறாரான ஆள்தான். ஆனால் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு, தடயங்களைச் சேர்த்து, ஆளைப் பிடித்து, “புக் ’எம், டானோ” என்று வழக்குப் பதியச் சொல்வதோடு அவர் வேலை முடியும். புதிய தொடரின் முதல் பகுதியிலேயே மாநில ஆளுநர் மெக்கேரட்டைக் கூப்பிட்டு, தனிப்படை அமைத்துக்கொள், நீ என்ன செய்தாலும் சட்டம் உன்னைத் தொடாது என்று உத்தரவாதம் கொடுத்துவிடுகிறார். அப்புறம் அலெக்ஸ் ஓ’லாஃப்லின் நடித்த அந்த மெக்கேரட், ஒருவனை மொட்டை மாடி விளிம்பில் தொங்கவிட்டு விசாரிக்கிறார். இன்னொருவனைக் கூண்டில் அடைத்துச் சுறா மீன்கள் நடுவே கடலில் இறக்குகிறார். “இது முறையில்லை” என்று கூட்டாளி டேனி கத்துவார். அது நகைச்சுவையாகக் கழிந்துவிடும். தொங்குகிறவன் வாயிலிருந்து வருவது எப்போதும் உண்மையாகவே இருக்கும். எனக்கு உறுத்துவது இந்தக் கடைசி விஷயம்தான்.

கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் குற்ற வழக்குகள் நடத்துகிறவன் நான். என்னிடம் வருகிற குடும்பங்களில் பெரும்பாலோர் அந்தத் தொடரைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அதே பாடத்தை வேறு வேறு வழிகளில் எல்லோரும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அடித்தால் உண்மை வரும், ஒத்துக்கொண்டால் கதை முடிந்தது என்பது அந்தப் பாடம். நம்மூரில் கையில் மாவுக்கட்டோடு ஒருவனை உட்காரவைத்து எடுத்த படம் வாட்ஸ்அப்பில் வந்தால், கழிவறையில் வழுக்கி விழுந்தான் என்ற விளக்கத்தோடு சிரித்துச் சிரித்துப் பகிர்கிறோம். அந்தப் படத்தில் இருப்பவன் இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவன். அடுத்த மாதம் நம் வீட்டுப் பையனே அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். அப்படி உட்கார்ந்த பையன்களின் அம்மாக்களைத்தான் நான் தினமும் பார்க்கிறேன்.

முதுநகர் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா. மகனை நகைத் திருட்டு விசாரணை என்று முந்தின நாள் காலையில் கூட்டிப்போயிருந்தார்கள். எந்தக் காவல் நிலையம் என்பது இங்கே வேண்டாம். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. “அவன் ஒத்துக்கிட்டான்னு சொல்லிட்டாங்க சார். எழுதி கையெழுத்தும் வாங்கிட்டாங்களாம். இனிமே வக்கீல் வச்சு என்ன ஆவப்போவுது? ஜாமீன் மட்டும் எடுத்துக் குடுங்க” என்றார். எந்தத் தேதியில் திருடு போனது, அன்றைக்கு மகன் எங்கே இருந்தான் என்று கேட்டேன். புதுச்சேரியில் ஒரு கேட்டரிங் வேலையில் இருந்தான், கூலி வாங்கிய கணக்கு மேஸ்திரி நோட்டில் இருக்கும் என்றார். அது முக்கியம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. மகன் ஒத்துக்கொண்டான் என்ற ஒரு வார்த்தை அந்த நோட்டை மறைத்துவிட்டது.

சட்டம் நேர் எதிராகச் சொல்கிறது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கவே கூடாது. கையெழுத்துப் போட்டிருந்தாலும், வீடியோவில் பேசியிருந்தாலும் அதேதான். இது 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்திலேயே இருந்தது. வெள்ளைக்கார அரசுகூடத் தன் போலீஸ் எழுதி வாங்கும் ஒப்புதலை நம்பத் தயாராக இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியம் அதை 23ஆம் பிரிவில் அப்படியே வைத்திருக்கிறது. ஒப்புதல் செல்லுபடியாக வேண்டுமானால் மாஜிஸ்திரேட் முன்னால் கொடுக்க வேண்டும். அவரும், நீ இதைச் சொல்லியாக வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னால் உனக்கு எதிராகவே பயன்படும் என்று எச்சரித்த பிறகே எழுத வேண்டும். புலன்விசாரணையில் சாட்சிகளிடம் எழுதும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கவே கூடாது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து என்றால் பேச்சுக்கே இடமில்லை.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, பல குடும்பங்கள் அதில்தான் மாட்டிக்கொள்கின்றன. காவலில் இருக்கும் குற்றம் சாட்டப்பட்டவர் கொடுத்த தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளைக் காட்டிக்கொடுத்த அளவுக்கு மட்டும் வாக்குமூலம் செல்லும். அதனால்தான் குற்றப்பத்திரிகையில் வாக்குமூலத்தின் ‘ஏற்கத்தக்க பகுதி’ என்று ஒரு வரி தனியாக இருக்கும். அதையொட்டி விஏஓவும் கிராம உதவியாளரும் கையெழுத்துப் போட்ட கைப்பற்றுதல் மகஜர் (பொருளை எடுத்ததற்கான பட்டியல்) இருக்கும். நகைத் திருட்டு வழக்கில் குடும்பத்தாரிடம் யாராவது வந்து, “நாலு பவுனக் கொண்டாந்து வச்சிட்டா பையன விட்டுடுவாங்க” என்பார். பயந்துபோய் சொந்தத் தாலிச் செயினையோ, அடகுக் கடையிலிருந்து மீட்ட வளையலையோ கொண்டுபோய்க் கொடுப்பார்கள். பையன் வரமாட்டான். அந்த நகை, பையன் சொன்ன இடத்திலிருந்து எடுத்ததாகத் தாளில் ஏறும். இல்லாத சாட்சியத்தை நாமே வாங்கிக் கொடுத்ததாக ஆகிவிடும். நகை, பணம், செல்போன், வண்டி எதுவானாலும் வக்கீலைக் கேட்காமல் நிலையத்தில் கொண்டுபோய் வைக்காதீர்கள். முதுநகர் அம்மாவிடமும் இப்படிக் கேட்டிருந்தார்கள். நல்லவேளை, அவர் கொடுப்பதற்குள் வந்துவிட்டார்.

பேசாமல் இருக்கும் உரிமை பற்றி நம்மவர்கள் அமெரிக்கத் தொடர்களிலிருந்து தெரிந்துவைத்திருக்கிறார்கள். அங்கே அது 1966இல் மிராண்டா வழக்கின் தீர்ப்புக்குப் பிறகு கைதியிடம் போலீஸ் சொல்லியே ஆகவேண்டியதாயிற்று; அதாவது பழைய ‘ஹவாய் ஃபைவ்-ஓ’ தொடங்குவதற்கு இரண்டு வருடம் முன்னால். நமக்கு அது அரசியலமைப்பின் 20(3)ஆம் பிரிவிலேயே இருக்கிறது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. இது கோர்ட்டுக் கூண்டில் மட்டுமல்ல, போலீஸ் விசாரணையிலும் பொருந்தும் என்று 1978இல் நந்தினி சத்பதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர் ஒடிசாவின் முதலமைச்சராக இருந்தவர். அவருக்கே இந்த உரிமைக்காகக் கோர்ட்டுக்குப் போகவேண்டியிருந்தது. பெயர், முகவரியைச் சரியாகச் சொல்லுங்கள், பொய் சொல்லாதீர்கள். குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்விக்கு, “வக்கீலைப் பார்த்துட்டு சொல்றேன் ஐயா” என்று மரியாதையாகச் சொல்லலாம். விசாரணை நடக்கும்போது வக்கீலைச் சந்திக்கவும் உரிமை உண்டு, முழு நேரமும் கூடவே உட்கார வைத்துக்கொள்ள முடியாது, அவ்வளவுதான்.

இனி அந்த முதல் 24 மணி நேரம். கைது செய்தவரைப் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். சிக்கல் என்னவென்றால், ‘கைது இல்லை, விசாரணைதான்’ என்று சொல்லி ஆளை வைத்திருப்பார்கள், தாளில் கைது நேரம் மறுநாள் சாயங்காலமாக இருக்கும். நம்மூரில் இன்னொரு தொல்லையும் சேரும். ஆல்பேட்டை சோதனைச்சாவடியைத் தாண்டினால் வேறு அரசு, வேறு போலீஸ். பாகூர் பக்கத்துக் கிராமங்களில் இந்தத் தெரு புதுச்சேரி, அந்த வயல் கடலூர் மாவட்டம். ராத்திரி சாதாரண உடையில் வந்தவர்கள் எந்தப் போலீஸ் என்று தெரியாமல் குடும்பம் இரண்டு பக்கமும் அலையும். அப்படி நேர்ந்தால் எந்த நேரத்தில், எந்த இடத்திலிருந்து, எந்த வண்டியில் கூட்டிப்போனார்கள் என்பதை முதலில் எழுதிவையுங்கள். தெருமுனைக் கடையில் சிசிடிவி இருந்தால் அன்றைக்கே பதிவைக் கேளுங்கள், சில நாளில் அழிந்துவிடும். பிறகு மாவட்ட எஸ்பிக்கும் (புதுச்சேரியானால் அங்குள்ள எஸ்எஸ்பிக்கும்) அந்தப் பகுதி மாஜிஸ்திரேட்டுக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். முன்பு இதற்குத் தந்தி கொடுப்போம். 2013 ஜூலையில் தந்தி சேவை நின்றுபோனது, ஆனால் அந்தப் பழக்கத்தை விட்டுவிடக் கூடாது. காலை பத்து மணிக்குப் போன மின்னஞ்சல் கையில் இருந்தால், மறுநாள் சாயங்காலம்தான் கைது என்று எழுதிய தாள் நிற்காது. கைதானவர்களின் பெயர், முகவரியை மாவட்டத் தலைமையகத்திலும் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் பார்வைக்கு வைக்க வேண்டும், அதற்கென்று ஒரு அதிகாரியும் இருக்க வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம். அதைக் கேட்க யாரும் தயங்க வேண்டாம். எங்கேயும் பதில் இல்லையென்றால் ஆட்கொணர்வு மனு, அதாவது ஆளைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு. கடலூர், புதுச்சேரி இரண்டுக்கும் சென்னை உயர் நீதிமன்றம்தான்.

மனைவியையும் அம்மாவையும் கூட்டிவந்து உட்காரவைத்தால் அவன் தானாக வருவான் என்ற வழக்கம் இன்னும் இருக்கிறது. பெண்களையும், 15 வயதுக்குக் கீழே அல்லது 60 வயதுக்கு மேலே உள்ள ஆண்களையும் சாட்சி விசாரணைக்கென்று நிலையத்துக்கு வரவழைக்கக் கூடாது; வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். சூரியன் மறைந்த பிறகு பெண்ணைக் கைது செய்ய வேண்டுமென்றால், தவிர்க்க முடியாத சூழ்நிலை இருக்க வேண்டும், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் வேண்டும்.

இதெல்லாம் எங்கோ நடப்பது என்று நினைத்துவிடாதீர்கள். 1993இல் விருத்தாசலம் பக்கம் முதனை கிராமத்து ராஜாக்கண்ணுவை நகைத் திருட்டு விசாரணைக்கென்றுதான் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அவர் தப்பி ஓடிவிட்டதாகச் சொன்னார்கள். அவர் மனைவி பார்வதி ஆட்கொணர்வு மனு போட்டு, வழக்கறிஞர் கே. சந்துரு வாதாடி, ராஜாக்கண்ணு காவலில் அடித்துக் கொல்லப்பட்டார் என்பது வெளியே வந்தது. டி.கே. பாசு வழக்கில் கைது நடைமுறைகளை உச்ச நீதிமன்றம் வகுத்தது 1996இல். கைதுக் குறிப்பில் குடும்பத்தாரோ அந்தப் பகுதியின் மதிப்புமிக்க ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், உறவினருக்குத் தகவல் தர வேண்டும், மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பவை இன்று சட்டமாகவே ஆகிவிட்டன. நேர்மையாக, தடயத்தைத் தேடி அலைந்து வழக்கை நிரூபிக்கும் ஆய்வாளர்களை எனக்குத் தெரியும். அவர்கள் வழக்குகளில் வாதாடுவது எங்களுக்குக் கஷ்டம், ஏனென்றால் அவர்கள் ஒப்புதலை நம்பி நிற்பதில்லை.

கடைசியாக, ரிமாண்ட், அதாவது மாஜிஸ்திரேட் ஆளைக் காவலில் வைக்க உத்தரவிடுவது. ராத்திரியானால் மாஜிஸ்திரேட்டின் வீட்டிலேயே நடக்கும். பையன் கைகட்டி நிற்பான், கூட்டிவந்த காவலர்கள் பின்னாலேயே நிற்பார்கள். “அடிச்சாங்களா?” என்று அவர் கேட்பார். பையன் திரும்பிப் பார்த்துவிட்டு “இல்லைங்க ஐயா” என்பான். அந்த ஒரு பதில் தாளில் ஏறிவிட்டால், அப்புறம் காயத்தைக் காட்டி வாதாடுவது மிகவும் சிரமம். அடித்திருந்தால் அங்கேயே சொல்ல வேண்டும், எங்கே அடித்தார்கள் என்று காட்ட வேண்டும். அதற்கு முன் அரசு மருத்துவமனையில் பரிசோதிக்கும் டாக்டரிடமும், பிறகு கேப்பர் மலை மத்தியச் சிறையில் சேர்க்கும்போது பார்க்கும் டாக்டரிடமும் அதையே சொல்ல வேண்டும். காவல் நிலையங்களில் ஒலியோடு சிசிடிவி வைக்க வேண்டும், பதிவை 18 மாதம் காக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. எந்தத் தேதி, எந்த நேரத்துப் பதிவு என்று குறிப்பிட்டு மனு போடலாம்.

முதுநகர் அம்மாவின் மகனுக்கு ரிமாண்ட் ஆனது. ஆனால் மேஸ்திரியின் நோட்டு நகலையும், அந்த மண்டபத்தில் அன்றைக்கு எடுத்த கல்யாண வீடியோவையும் ஜாமீன் மனுவோடு சேர்த்தோம். பந்தியில் சாம்பார் வாளியோடு அவன் நடந்துபோகிறான். ஜாமீன் கிடைத்தது, வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

வக்கீல் வைக்கப் பணமில்லை என்று யாரும் வீட்டிலேயே உட்கார்ந்துவிட வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, காவலில் இருப்பவர்களுக்கும், பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. தொலைபேசி எண் 15100. கூப்பிடும்போது கூட்டிப்போன நேரம், இடம், அனுப்பிய மின்னஞ்சலின் நகல் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.