நகர்ந்து வழிவிடும் கார்கள்

போன மாதம் ஒரு பார்க்கிங்கில் என் மின்சாரக் காருக்குச் சார்ஜ் போடக் காத்திருந்தேன். அங்கே இருந்ததே இரண்டு சார்ஜர்கள்தான். ஒன்று பழுது. இன்னொன்றில் செருகியிருந்த காருக்கு 100 சதவீதம் ஏறிவிட்டது என்று திரை காட்டியது. ஏறி முடித்து எவ்வளவு நேரமோ, காரின் சொந்தக்காரரைத்தான் காணவில்லை. நாற்பது நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

அந்தக் காருக்குத் தானாக நகரத் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பின்னால் எடுத்து, காலியாக இருந்த ஏதோவொரு மூலைக்குப் போய் நின்றிருக்கும். என் கார் அந்த இடத்துக்கு வந்திருக்கும். கேட்க அவ்வளவு எளிது. ஆனால் இது நடந்தால் பார்க்கிங் கட்டடத்தின் கணக்கே மாறிவிடுகிறது. இன்று ஒரு சார்ஜரை ஒரு கார் நிற்கும் கட்டத்தோடு கட்டிப்போட்டிருக்கிறோம். காருக்கு மின்சாரம் தேவைப்படுவது மூன்று மணி நேரம், அது நிற்பதோ பத்துப் பன்னிரண்டு மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் சார்ஜர் சும்மா கிடக்கிறது. கார் தானே ஓடும் என்றால் சார்ஜ் ஏறும் இடம் வேறு, நிற்கும் இடம் வேறு என்று பிரித்துவிடலாம்.

இது வெறும் கற்பனை இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் 2011 முதல் 2015 வரை நடந்த 'வி-சார்ஜ்' திட்டத்தில் ஃபோக்ஸ்வாகன், போஷ், சூரிச்சின் ஈடிஹெச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் போன்றவை சேர்ந்து இதையே செய்து காட்டின. வாசலில் இறங்கி, கைபேசிச் செயலியில் ஒரு தட்டு தட்டினால் போதும். கார் தனியாக உள்ளே போகும், சார்ஜ் ஏற்றிக்கொள்ளும், முடிந்ததும் அந்த இடத்தை விட்டுச் சாதாரணக் கட்டத்துக்குப் போய் நிற்கும். கூப்பிட்டால் திரும்பி வரும்.

உள்ளே போன கார் எப்படி வழி கண்டுபிடிக்கிறது? தரைக்கடியில் செயற்கைக்கோள் சமிக்ஞை எட்டாது, அதனால் ஜிபிஎஸ் உதவாது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கேமராக்களையும் உணரிகளையும் காரிலேயே வைத்து, ஏற்கெனவே எடுத்த கட்டட வரைபடத்தோடு தூண்களையும் கோடுகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வைப்பது. இன்னொன்று, கண்ணையும் மூளையையும் கட்டடத்திடம் கொடுத்துவிடுவது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் விமான நிலையப் பார்க்கிங்கில் போஷும் மெர்சிடிஸும் அமைத்தது இந்த இரண்டாவது வகை. கட்டடத்தின் கேமராக்கள் பாதையைக் கவனிக்க, கட்டுப்பாட்டு அமைப்பு சொல்கிறபடி கார் நகரும். ஓட்டுநரே இல்லாத இந்தச் சேவையை வணிக முறையில் நடத்த 2022-ல் அனுமதி கிடைத்தது. எனக்கு இந்த வழிதான் பிடித்திருக்கிறது. ஆயிரம் கார்களில் விலையுயர்ந்த கருவிகளைப் பொருத்துவதைவிட ஒரு கூரையில் பொருத்துவது மலிவு. தூணுக்குப் பின்னால் வரும் குழந்தையும் கூரைக் கேமராவுக்குத் தெரியும், கார் கேமராவுக்குத் தெரியாது.

சரி, கார் நகர்ந்துவிடும். எந்தக் காரை எப்போது நகர்த்துவது? இந்த விஷயத்தில் உண்மையான 'ஸ்மார்ட்' இங்கேதான் இருக்கிறது.

மாலை ஆறு மணி. மணிக்கு 7 யூனிட் கொடுக்கும் (அதாவது 7 கிலோவாட்) சார்ஜர்கள் இரண்டு, கார்கள் மூன்று. முதலில் வந்தது வெள்ளைக் கார். அதற்கு 21 யூனிட் வேண்டும், காலை ஏழு மணிக்குத்தான் கிளம்பும். அடுத்தது சிவப்பு. 14 யூனிட், இரவு ஒன்பதுக்குக் கிளம்ப வேண்டும். கடைசியாக நீலம். 28 யூனிட், இரவு பதினொன்றுக்குக் கிளம்ப வேண்டும். வந்த வரிசைப்படி விட்டால் வெள்ளையும் சிவப்பும் முதலில் ஏறும். சிவப்பு எட்டு மணிக்கு முடித்து விலகும். அதன் பிறகு நீலம் ஏறினால் நான்கு மணி நேரம் பிடிக்கும், முடிய நள்ளிரவு ஆகிவிடும். பதினொன்றுக்குக் கிளம்ப வேண்டியவர் பாதி வழியில் தவிப்பார்.

அமைப்பு வேறு மாதிரி யோசிக்கிறது. ஒவ்வொரு காருக்கும் கிளம்ப இருக்கும் நேரத்திலிருந்து சார்ஜுக்குத் தேவைப்படும் நேரத்தைக் கழிக்கிறது. மிஞ்சுவதுதான் அவகாசம். வெள்ளைக்கு 13 மணி நேரத்தில் 3 போனால் 10. சிவப்புக்கு 3-ல் 2 போனால் 1. நீலத்துக்கு 5-ல் 4 போனால் 1. அவகாசம் குறைந்தவருக்கு முதலிடம். ஆக, சிவப்பும் நீலமும் உடனே ஏறும். எட்டு மணிக்குச் சிவப்பு விலக, வெள்ளை அந்த இடத்துக்கு வந்து பதினொன்றுக்கு முடித்துக்கொள்ளும். மூன்று பேருக்கும் மின்சாரம் கிடைத்துவிட்டது, சார்ஜர் இரண்டே இரண்டுதான். மனிதர்கள் ஓட்டும் கார் என்றால் எட்டு மணிக்கு யாராவது சாப்பாட்டை விட்டு எழுந்து வந்து காரை மாற்ற வேண்டும்.

இப்படி அடிக்கடி நகர்ந்தால் பேட்டரி வீணாகாதா என்று தோன்றும். கிலோமீட்டருக்கு 150 வாட்-மணி என்று வைத்துக்கொண்டால், நூறு மீட்டர் நகர 15 வாட்-மணி (ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-மணி). அதே 7 கிலோவாட் சார்ஜர் அதை எட்டு நொடிகளில் திருப்பித் தந்துவிடும்.

அதிவேக சார்ஜர் என்றால் நகர்வதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. லித்தியம் பேட்டரி ஏறக்குறைய 80 சதவீதத்தைத் தாண்டியதும் மெதுவாகத்தான் வாங்கிக்கொள்ளும். மின்னழுத்தம் உச்சத்தைத் தொட்டுவிட்டால் அதை ஏற்றாமல் மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி கெடும். வரிசையில் ஆள் இருக்கும்போது 80-ல் காரை விலக்கிவிட்டு அடுத்ததை ஏற்றுவதுதான் கெட்டிக்காரத்தனம்.

ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. ஓட்டுநர் இல்லையென்றால் கேபிளை யார் செருகுவது? இயந்திரக் கைகள் இருக்கின்றன, ஆனால் விலை அதிகம், பராமரிப்பும் அதிகம். கம்பியில்லா சார்ஜிங் இதற்கு நல்ல பதில். தரையில் ஒரு கம்பிச்சுருள், காரின் அடியில் ஒன்று. தரைச் சுருளில் நொடிக்குச் சுமார் 85,000 முறை முன்னும் பின்னும் போய்வரும் மின்னோட்டத்தை விட்டால், மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் மேலே உள்ள சுருளில் மின்சாரத்தை உண்டாக்கும். டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு பாதிகளையும் ஒரு சாண் தள்ளி வைத்தது போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். வாகனப் பொறியாளர்களின் அமைப்பான எஸ்ஏஇ வகுத்த ஜே2954 தரநிர்ணயம் இப்படி 11 கிலோவாட் வரை கொடுக்க வகை செய்கிறது. ஒரே நிபந்தனை, காரின் சுருள் முன்பின்னாக 75 மில்லிமீட்டருக்குள்ளும், பக்கவாட்டில் 100 மில்லிமீட்டருக்குள்ளும் பொருந்தி நிற்க வேண்டும். நாம் ஓட்டினால் இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் எடுப்போம். தானியங்கிக் காருக்கு இது பெரிய வேலை இல்லை. தரைச் சுருள்மேல் ஒரு நாணயம் விழுந்து கிடந்தால் அது சூடாகிவிடும் என்பதால் உலோகத்தைக் கண்டறியும் உணரியும் தேவை. கதகதப்புக்கு வந்து படுக்கும் பூனைக்காகத் தனியாக இன்னொன்று.

கார்களில் ஆள் ஏறி இறங்க வேண்டாம் என்பதால் கதவு திறக்கும் இடைவெளியையும் விட்டுவிடலாம். ஒன்றின் பின் ஒன்றாக நெருக்கி அடுக்கி, உள்ளே மாட்டியது வெளியே வர வேண்டுமானால் மற்றவை விலகி வழிவிடும். டொரன்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் போட்ட கணக்குப்படி, இதனால் பார்க்கிங் இடத்தின் தேவை சராசரியாக 62 சதவீதம் குறையும்.

இவ்வளவு கணக்கும் ஒரே ஒரு எண்ணை நம்பி நிற்கிறது. நீங்கள் எப்போது கிளம்புவீர்கள்? அமெரிக்காவின் கால்டெக் (கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) வளாகத்தில் 2016-ல் தொடங்கிய சார்ஜிங் அமைப்பு ஓட்டுநர்களிடம் இதையே கேட்டது. மனிதர்கள் ஓட்டும் கார்கள்தான் அங்கே, ஆனாலும் கணக்கு இதே கணக்கு. ஓட்டுநர்கள் சொன்ன நேரமும் உண்மையில் கிளம்பிய நேரமும் சரிவரப் பொருந்தவில்லை. அதனால் ஆய்வாளர்கள் ஒவ்வொருவரின் பழைய வழக்கத்தைப் பார்த்து, கணினியையே ஊகிக்க வைத்தார்கள். அந்த ஊகம், ஓட்டுநர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொன்னதைவிடத் துல்லியமாக இருந்தது.