திகில் பாட்காஸ்டுக்குக் கதை அனுப்பும் முன்

சில மாதங்களுக்கு முன் எங்கள் திகில் பாட்காஸ்டுக்கு ஒரு கதை வந்தது. பூட்டிய வீடு, பக்கத்து அறையில் யாரோ நடக்கிற சத்தம். 'நான்' என்று ஒருவர் சொல்லிக்கொண்டே போகிறார். கடைசி வரியில்தான், இவ்வளவு நேரம் பேசியது அந்த வீட்டில் என்றோ இறந்துபோன பெண் என்று தெரிகிறது. படித்து முடித்தபோது எனக்குக் கை சில்லிட்டது.

ஆனாலும் அந்தக் கதையை எடுக்க முடியவில்லை. 'வந்தான்', 'வந்தாள்' என்றால் ஆணா பெண்ணா என்று வினையே காட்டிக்கொடுத்துவிடும். 'வந்தேன்' காட்டிக்கொடுக்காது. எழுத்தாளர் அதை அழகாகப் பயன்படுத்தியிருந்தார். பாட்காஸ்டில் அதை யாராவது பேசியாக வேண்டுமே! பெண் குரல் என்றால் முதல் நொடியிலேயே பாதி ரகசியம் போய்விடும். ஆண் குரல் என்றால் கேட்பவரை ஏமாற்றிய மாதிரி ஆகிவிடும். இரண்டு விதமாகவும் பதிவு செய்து பார்த்தோம், சரிவரவில்லை. அது அச்சில் வர வேண்டிய கதை. எழுத்தாளருக்கு அப்படியே எழுதி அனுப்பினேன்.

நான் திருப்பி அனுப்புகிற கதைகளில் இப்படிப்பட்ட நல்ல கதைகள் நிறைய. அதனால்தான் இதை எழுதுகிறேன். எந்தக் கதையையும் முதலில் கண்ணால் படிக்கிறேன். பிடித்திருந்தால் சத்தமாக வாசித்து, போனில் பதிந்து, இரவு விளக்கை அணைத்துவிட்டு இயர்போனில் கேட்கிறேன். பத்திகளுக்கு நடுவே மூன்று நட்சத்திரக் குறி (***) போட்டு கதை இருபது வருடம் தாண்டிய இடம் அப்போது காதில் விழாது. முருகன், முருகேசன், முத்து மூவரும் ஒரே ஆளாகிவிடுவார்கள். எங்கள் குரல் கலைஞர்கள் திகில் கதையை நிமிடத்துக்கு 100 சொல் அளவில் சொல்கிறார்கள். 2,500 சொல் என்றால் 25 நிமிடம். நீங்கள் ஐந்து வரியில் வர்ணிக்கும் அமைதியை அவர்கள் மூன்று நொடி பேசாமல் இருந்தே கொண்டுவந்துவிடுவார்கள். அந்த ஐந்து வரியை நீங்களே எடுத்துவிட்டு அனுப்புங்கள்.

தேர்வான கதை ஏன் மாதக்கணக்கில் காத்திருக்கிறது என்று பலர் வருத்தப்படுகிறார்கள். நியாயமான வருத்தம்தான். எங்கள் அட்டவணையில் ஒவ்வொரு கதைக்கும் எதிரே மூன்று விஷயம் குறித்து வைக்கிறோம்: பயம் எங்கிருந்து வருகிறது (பேயா, மனிதனா, இடமா), சொல்வது யார் குரல், முடிவில் யார் மிஞ்சுகிறார்கள். எல்லோரும் சாகிற கதை இரண்டு வாரம் தொடர்ந்து வந்தால், மூன்றாவது வாரம் கேட்பவருக்கு எந்தப் பாத்திரத்தின் மேலும் ஒட்டுதல் வராது. ஒட்டுதல் இல்லாத இடத்தில் பயம் எப்படி வரும்? ஆகவே உங்கள் கதை எப்போது வரும் என்பதை அதற்கு முன்னும் பின்னும் நிற்கிற கதைகள்தான் தீர்மானிக்கின்றன. வெளியே நடப்பதும் தீர்மானிக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்த வாரத்துக்கு, வெள்ளம் புகுந்த வீட்டுக்குள் நடக்கிற கதையைப் போட்டு வைத்திருந்தோம். வேளச்சேரியில் ஜனங்கள் மொட்டை மாடியில் நிற்கும்போது அதை எப்படி வெளியிடுவது? தள்ளி வைத்து, சித்திரை வெயிலில்தான் வெளியிட்டோம்.

உரிமை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கே கையெழுத்துப் போட்டாலும் எந்த வடிவத்துக்கு, எத்தனை வருடத்துக்கு என்று பார்த்துப் போடுங்கள். ஒலி உரிமை கொடுத்தால் ஒலி உரிமை மட்டும். சினிமா உரிமை உங்களிடமே இருக்கட்டும். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அதை ஐந்து வருடம் என்று எடுத்துக்கொள்கிறது. பழைய பத்திரிகையில் வந்த பேய்க்கதையை 'யாருக்குத் தெரியப்போகிறது' என்று தட்டச்சு செய்து அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். எழுத்தாளர் இறந்து 60 வருடம் வரை அதன் உரிமை அவர் வாரிசுகளுக்கோ, அதை வாங்கியவர்களுக்கோ உரியது.

அப்புறம், எங்களுக்கு மிக அதிகமாக வருவது தற்கொலை செய்துகொண்ட பெண் பேயாக வருகிற கதை. அவள் எப்படி இறந்தாள் என்ற விவரத்தை நான் வெட்டிவிடுவேன். கதை தொடங்கும் முன் குரலிலேயே எச்சரிக்கை சொல்கிறோம், ஏனென்றால் இயர்போன் மாட்டிப் படுத்திருப்பவர் கீழே எழுதியிருக்கும் குறிப்பைப் பார்க்கமாட்டார். கதை முடிந்ததும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம் என்று சொல்கிறோம். எச்சரிக்கை சொன்னால் கடைசித் திருப்பம் வெளியே தெரிந்துவிடும் என்று ஓர் எழுத்தாளர் மறுத்தார். அவருடைய கதை அந்த வருடம் எனக்கு வந்ததிலேயே சிறந்தது. இரவு ஒரு மணிக்குத் தனியாகக் கேட்டுக்கொண்டிருப்பவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று நம் இருவருக்குமே தெரியாது என்று அவரிடம் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கதையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.