குற்றம் பெட்டையின் மேல் இல்லை

இந்த மாதம் நான் வைத்தியம் பார்க்கப் போன ஆட்டுப் பட்டிகளில் இது நான்காவது. சாயல்குடிப் பக்கம் செம்மறி வைத்திருக்கும் பெரியவர். முப்பது பெட்டைக்கு ஒரு கிடா. சித்திரைக் கடைசியில் விட்டது, ஆனியும் பிறந்தாச்சு, பாதிக்கு மேல் சினை பிடிக்கவில்லை.

"பெட்டையெல்லாம் மலடாப் போச்சுங்கய்யா, சந்தைக்கு ஏத்திரலாம்னு இருக்கேன்."

கிடாவைக் காட்டுங்கள் என்றால் கோபம் வருகிறது. "அது மேலயா சந்தேகம்? கொம்பப் பாருங்க. எந்தக் குட்டிக்கிடாயும் கிட்ட வராது!"

கொம்பைப் பார்த்தேன். விதையையும் தொட்டுப் பார்த்தேன். அழுத்தினால் திமிற வேண்டியது, பழுத்த தக்காளி மாதிரி கொழகொழவென்று இருந்தது.

எத்தனை தடவை சொல்வது? ஏறுவது வேறு, சினையாக்குவது வேறு. விதை உடம்பைவிட நாலைந்து டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் விந்து ஒழுங்காக உருவாகும். கத்திரி வெயிலில் அது கெட்டாலும் கிடாவுக்கு ஆசை போகாது, முட்டும், ஏறும், மற்ற கிடாவைத் துரத்தும். சண்டையில் ஜெயித்த கிடா மற்றதைப் பெட்டைப் பக்கம் விடாது. சினையாக்கக்கூடிய இளங்கிடா வேலியோரம் நிற்கும். வெயில் தணிந்ததும் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். புது விந்து உருவாக ஏழு வாரம், வெளியே வர இன்னும் ஒன்றிரண்டு வாரம். (நீலநாக்குக் காய்ச்சல் வந்து தேறிய கிடாவுக்கும் இதே கதைதான்.)

ஆட்டுக்கு மட்டுமல்ல. 2018ல் இங்கிலாந்தில் மாவு வண்டுகளை ஐந்து நாள் வெப்பத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஆண் வண்டுகளின் இனப்பெருக்கத் திறன் பாதியானது. இரண்டாவது முறை வைத்ததில் ஏறக்குறைய மலடாகிவிட்டன. பெண் வண்டுகளுக்குப் பெரிய பாதிப்பில்லை.

"கடக்காத்து வீசுதே, நமக்கு ஏது சூடு?" என்பார்கள். அந்தக் காற்றில் ஈரம் அதிகம். ஆடு மூச்சிரைத்தும் உடம்பு ஆறாது, ராத்திரியும் புழுக்கம்.

ஒன்றிரண்டு பெட்டை சினை பிடிக்காமல் திரும்பப் பருவத்துக்கு வந்தால் பெட்டையைப் பாருங்கள். பட்டியே பதினேழு நாளுக்கொரு முறை திரும்ப வந்தால் கிடாவைப் பாருங்கள். தகரக் கொட்டகையில் அதை அடைக்காதீர்கள், பனையோலை போடுங்கள். மேய்ச்சல் காலையிலும் சாயங்காலமும் போதும். தண்ணீர் எந்நேரமும் இருக்கட்டும். பட்டியில் விடுமுன் ஒருமுறை எங்களிடம் காட்டுங்கள், மாற்றுக் கிடா ஒன்று தனியாக இருக்கட்டும். பெட்டையை மட்டும் அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள் அண்ணாச்சி, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

பெரியவர் விற்கவில்லை. பக்கத்துப் பட்டியில் கிடா இரவல் வாங்கியிருக்கிறார். தன்னுடையதை வேப்பமரத்தடியில் கட்டிவிட்டு, அது முன்னால் போய் நிற்கவே கூச்சமாக இருக்கிறது என்கிறார்.