சிங்கம் எந்தப் பக்கம் பார்க்கிறது? பழைய வெள்ளிக் கரண்டியைப் படிக்கும் முறை

கறுத்துப்போன பழைய வெள்ளிக் கரண்டி ஒன்று கைக்கு வந்தால் உடனே தேய்த்துப் பளபளப்பாக்கத்தான் யாருக்கும் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். அதன் வயது, ஊர், செய்தவர், வெள்ளியின் தரம் எல்லாம் பின்பக்கத்தில் குத்தியிருக்கும் நான்கைந்து சிறு முத்திரைகளில் இருக்கின்றன. அவற்றின் ஆழம் மயிரிழை அளவுதான். தேய்க்கிற ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சம் போகும். ஆகவே முதலில் படிக்க வேண்டும், துடைப்பதெல்லாம் பிறகு.

படிக்கப் பத்து மடங்கு பெருக்கும் லூப்பும் ஒரு டார்ச்சும் போதும். வெளிச்சத்தை மேலிருந்து நேராக அடிக்காமல், பக்கவாட்டில் தாழ்வாகச் சாய்த்து அடியுங்கள். முத்திரையின் விளிம்புகள் நிழலாக எழுந்து நிற்கும். அப்படியும் தெரியாவிட்டால் வாயால் ஊதி லேசாக ஆவி படியவிட்டுப் பாருங்கள். கறுப்பு படிந்த முத்திரை பல நேரம் துடைத்த முத்திரையைவிடத் தெளிவாகத் தெரியும், பள்ளங்களில் அந்தக் கறுப்பே மைபோல் நிற்பதால்.

உலகில் மிக ஒழுங்காக முத்திரை வைத்தவர்கள் ஆங்கிலேயர்கள். வலது முன்காலைத் தூக்கியபடி நடக்கும் சிங்கம் 1544 முதல் இருக்கிறது. ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி என்பதற்கு, அதாவது ஸ்டெர்லிங் தரத்துக்கு, அதுதான் சான்று. மீதி 75 பங்கு பெரும்பாலும் செம்பு. எந்த ஊரில் சோதித்தார்கள் என்பதை ஊர் முத்திரை சொல்லும். சிறுத்தை முகம் என்றால் லண்டன், நங்கூரம் என்றால் பர்மிங்காம். கிரீடம் ஷெஃபீல்டுக்கு உரியது. 1975-இல் அதன் இடத்துக்கு ரோஜா வந்தது. கோட்டை எடின்பரோவையும் கிரீடம் சூடிய யாழ் டப்ளினையும் குறிக்கும். அடுத்தது ஓர் ஆங்கில எழுத்து. அது ஆண்டைக் காட்டும். 1784 முதல் 1890 வரை அரசரின் தலையும் குத்தப்பட்டது. வெள்ளிக்கான வரி கட்டியாகிவிட்டது என்பதற்கான அடையாளம் அது. கடைசியாகச் செய்தவரின் முதலெழுத்துகள்.

ஆண்டெழுத்தில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். லண்டனில் ‘ஏ’ முதல் ‘யு’ வரை, ‘ஜே’யை விட்டுவிட்டு இருபது எழுத்துகள். இருபது ஆண்டு முடிந்ததும் எழுத்தின் வடிவத்தை மாற்றி மறுபடி ‘ஏ’யில் தொடங்குவார்கள். லண்டன் கரண்டி ஒன்றில் பெரிய ‘எல்’ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1796-இல் தொடங்கிய சுற்றிலும் பெரிய எழுத்துகள்தான், 1876-இல் தொடங்கிய சுற்றிலும் பெரிய எழுத்துகள்தான். அப்படியானால் அது 1806-ஆம் ஆண்டினதா, 1886-ஆம் ஆண்டினதா? எழுத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. பக்கத்தில் இருக்கும் மற்ற முத்திரைகளைக் கேட்க வேண்டும். 1821-க்கு முந்தைய லண்டன் சிங்கம் முகத்தைத் திருப்பி நம்மைப் பார்க்கும், அதற்குப் பிந்தையது நேராக முன்னால் பார்க்கும். அந்த ஆண்டுவரை சிறுத்தையின் தலையில் கிரீடம் உண்டு, பிறகு இல்லை. அரசர் தலை வலப்பக்கம் பார்த்தால் மூன்றாம் ஜார்ஜ், இடப்பக்கம் பார்த்தால் விக்டோரியா. மூன்றும் ஒரே பதிலைச் சொன்னால் எண்பது ஆண்டுக் குழப்பம் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். அந்தக் காலத்துத் தேக்கரண்டிகளில் இடம் போதாமல் சிறுத்தையை விட்டுவிடுவதும் வழக்கம். அது இல்லை என்பதற்காகப் போலி என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

முத்திரை இருக்கும் இடமே ஒரு சாட்சி. 1780-களின் தொடக்கம்வரை கரண்டியின் குழிப்பகுதிக்கு அருகே, குறுகலான தண்டில் குத்தினார்கள். அங்கே குத்தும்போது தண்டு நசுங்கும், திரும்பத் தட்டிச் சரிசெய்யும்போது முத்திரையும் நசுங்கும். பிறகுதான் கைப்பிடியின் அகன்ற முனைப் பக்கம் மாற்றினார்கள். 1750-களின் கரண்டியில் முத்திரைகள் நெளிந்து கிடந்தால் அது இயல்பு. அச்சடித்ததுபோல் சுத்தமாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

செய்தவரின் முத்திரையைப் பார்க்கும்போது எழுத்துகளோடு அவற்றைச் சூழ்ந்த சட்டத்தின் வடிவத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நீள்சதுரமா, நீள்வட்டமா, நடுவில் புள்ளி உண்டா? ஒரே எழுத்துகளைப் பலர் வைத்திருந்ததால் சட்டமும் புள்ளியும்தான் ஆளைப் பிரித்துக் காட்டும். சாய்ந்த கையெழுத்து வடிவில் ‘எச்.பி.’ என்றால் ஹெஸ்டர் பேட்மன். கணவர் இறந்தபின் 1761-இல் தன் முத்திரையைப் பதிவுசெய்து, 1790-இல் ஓய்வு பெறும்வரை லண்டனில் பட்டறை நடத்தியவர். அந்த எழுத்துக்காகவே விலை ஏறும். ஆனால் முத்திரை என்பது பொருளைச் சோதனைக்கு அனுப்பி அதற்குப் பொறுப்பேற்றவருடையது. சுத்தியல் பிடித்த கை வேறொருவருடையதாக இருக்கலாம்.

1697 முதல் 1720 வரை ஒரு விதிவிலக்கு. நாணயங்களைச் சுரண்டியும் உருக்கியும் பாத்திரம் செய்ததைத் தடுக்க, பாத்திர வெள்ளியின் தரத்தை 958-க்கு உயர்த்தினார்கள். அந்த ஆண்டுகளில் நடக்கும் சிங்கம் இருக்காது. அமர்ந்திருக்கும் பிரிட்டானியா (பிரிட்டனைக் குறிக்கும் பெண்) உருவமும் கழுத்தோடு வெட்டிய சிங்கத் தலையும் இருக்கும்.

மற்ற நாடுகள் இவ்வளவு பேசுவதில்லை. 1888 முதல் ஜெர்மன் வெள்ளியில் பிறையும் கிரீடமும், பெரும்பாலும் 800 என்ற எண்ணும் இருக்கும். 1838 முதல் பிரான்ஸில் மினர்வா தேவியின் தலை. அமெரிக்காவில் ‘ஸ்டெர்லிங்’ என்ற சொல்லையே குத்திவிட்டார்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் சோதனைச் சாலை முத்திரை என்ற ஒன்றே கிடையாது. சென்னை பி. ஆர் அண்ட் சன்ஸ், கல்கத்தா ஹாமில்டன் போன்ற நிறுவனங்கள் தங்கள் பெயரையோ அடையாளத்தையோ மட்டும் குத்தின. தெய்வ உருவங்கள் புடைத்து நிற்கும் மெட்ராஸ் ‘சுவாமி’ வெள்ளியில் வேலைப்பாடும் கடைப்பெயரும்தான் ஆதாரம். தரம் வேண்டுமானால் தனியாகச் சோதிக்க வேண்டும்.

ஏமாற்றம் அதிகம் நடப்பது முலாம் பூசியவற்றில். பர்மிங்காமின் எல்கிங்டன் நிறுவனம் 1840-இல் மின்முலாமுக்குக் காப்புரிமை பெற்றபின், செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவையின்மேல் மெல்லிய வெள்ளி பூசிய கரண்டிகள் குவிந்தன. அவற்றில் இ.பி.என்.எஸ். (மின்முலாம் பூசிய ‘நிக்கல் சில்வர்’ என்பதன் சுருக்கம்) என்ற நான்கு எழுத்துகளைத் தனித்தனிக் கேடயங்களுக்குள், பழைய எழுத்துருவில், தூரத்திலிருந்து பார்த்தால் ஹால்மார்க் என்று தோன்றும்படி குத்துவார்கள். கரண்டியை மேசைமேல் வைத்தால் குழியின் அடிப்பக்கம் எங்கே படுகிறதோ அங்கே பாருங்கள். முலாம் தேய்ந்து மஞ்சள் சாயல் சாம்பல் நிறம் எட்டிப்பார்க்கும். காந்தம் இங்கே உதவாது. பெயரில் நிக்கல் இருந்தாலும் அந்தக் கலவை காந்தத்தில் ஒட்டாது.

எதையும் சுரண்டாமல் கண்டுபிடிக்க அடர்த்திதான் நல்ல வழி. 0.1 கிராம் காட்டும் தராசில் கரண்டியை எடை போடுங்கள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்ஜியமாக்குங்கள். கரண்டியை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல், முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். முதல் எடையை இப்போது தராசு காட்டும் எண்ணால் வகுக்க வேண்டும். 62 கிராம் கரண்டிக்கு 6.0 என்று காட்டினால் அடர்த்தி ஏறத்தாழ 10.3, ஸ்டெர்லிங். 7.1 என்று காட்டினால் 8.7, உள்ளே இருப்பது நிக்கல் கலவை. காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் விடை குறைந்து நல்ல வெள்ளியும் போலியாகத் தெரியும், குழியை ஒருமுறை விரலால் வழித்துவிடுங்கள். கைப்பிடி உள்ளீடற்ற கத்திகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

உண்மையான வெள்ளியையும் பின்னாளில் மாற்றியிருப்பார்கள். கிடைக்க அரிதான முட்கரண்டிக்கு விலை அதிகம் என்பதால் கரண்டியின் குழியை வெட்டி முட்களாக்குவது ஒரு பழைய தந்திரம். முட்களின் அடிப்பகுதி வழக்கத்தைவிட மெல்லியதாக இருந்தால் உஷாராகுங்கள். குடும்பச் சின்னத்தைச் சுரண்டி அழித்த இடத்தைக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்தினால் தகடு லேசாக அமுங்கும்.

இனிப் பராமரிப்பு. வெள்ளி கறுப்பதற்குக் காரணம் துரு அல்ல. காற்றில் மிகச் சிறிதளவு இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடு படலமாகிறது. படலம் தடிக்கத் தடிக்க ஒளி அதில் பிரதிபலிக்கும் விதம் மாறுவதால் முதலில் மஞ்சள், பிறகு பழுப்பு, நீலம், கடைசியில் கறுப்பு. ஈரக்காற்று இதை விரைவுபடுத்தும். மஞ்சளிலேயே கவனித்தால் மென்மையான துணியே போதும். கறுப்புவரை விட்டால் தேய்த்துத்தான் ஆக வேண்டும், முத்திரைக்குச் சேதம் அங்கேதான்.

முட்டையில் கந்தகம் உண்டு, கரண்டி சில நிமிடங்களில் நிறம் மாறும். உப்பு அதைவிடக் கொடியது. அது ஏற்படுத்தும் குழிகளை எந்தத் துணியும் போக்காது. சாப்பிட்டதும் இளஞ்சூடான நீரில், எலுமிச்சை வாசம் சேர்க்காத மென்மையான சோப்புக் கரைசலால் கழுவி உடனே துணியால் ஈரம் போக்குங்கள். தானாக உலரவிட்டால் நீர்க்கறை படியும்.

கறுப்பு எடுக்க, வீழ்படிவுக் கால்சியம் கார்பனேட் என்ற மிக நுண்ணிய வெண்தூளை, காய்ச்சி வடித்த நீரில் குழைத்துப் பஞ்சால், கரண்டியின் நீளவாக்கில், அழுத்தாமல் தேய்ப்பது பாதுகாப்பானது. முத்திரைகளின்மேல் பஞ்சு போக வேண்டாம். நம் வீடுகளில் விபூதியால் துலக்குவது வழக்கம். நைசான, மணலற்ற தூள் என்றால் பெரிதாகக் கெடுதல் இல்லை, ஆனால் ஒரு மணல் துகள் இருந்தாலும் கீறல் நிரந்தரம். பற்பசை வேண்டவே வேண்டாம், அதிலுள்ள சிலிக்கா வெள்ளிக்கு மிகக் கடினம். புளி அமிலம், கலவையிலுள்ள செம்பைத் தாக்கும்.

அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் சேர்ந்த முறை உண்மையிலேயே வேலை செய்கிறது. ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி சோடா கரைத்து, கரண்டி தாளைத் தொடும்படி வைத்தால், கந்தகம் வெள்ளியைவிட்டுப் பிரிகிறது, அழுகிய முட்டை வாசமும் வரும். மீளும் வெள்ளி மங்கலான பரப்பாகவே படியும், வேலைப்பாட்டின் பள்ளங்களில் வேண்டுமென்றே விட்ட கறுப்பும் போய்விடும். எளிய, முத்திரை மதிப்பில்லாத கரண்டிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கத்திகளை ஒருபோதும் ஊறவைக்கக் கூடாது. கைப்பிடி இரண்டு மெல்லிய வெள்ளித் தகடுகளை ஒட்டி, உள்ளே பிசின் கலவை நிரப்பியது. சூட்டில் பிசின் இளகி விரிந்து மூட்டு பிளக்கும், அலகும் கழன்றுவிடும். துருப்பிடிக்காத எஃகு 1913-க்குப் பிறகுதான் வந்தது என்பதால், விக்டோரியா காலக் கைப்பிடியில் அந்த எஃகால் ஆன அலகு இருந்தால் அது பின்னாளில் மாற்றியது.

எடுத்துவைக்கும்போது ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள். ரப்பரிலுள்ள கந்தகம் துணியைக் கடந்தும் கறுப்புக் கோடு போட்டுவிடும். கம்பளி, செய்தித்தாள், சமையலறையில் பயன்படும் ஒட்டும் பிளாஸ்டிக் தாள் மூன்றும் ஆகாது. அமிலமற்ற தாளிலோ வெள்ளித் துகள் கலந்த துணியிலோ சுற்றி, பாலித்தீன் ஜிப் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடுங்கள். ஜெல் நிறம் மாறியதும் சூடுபடுத்திக் காயவைத்து மறுபடி போடலாம்.