பீப்பாய்க்குள் வந்த கடிதம்: முதலாம் எலிசபெத்தின் உளவுக் கணிதம்

நிலையான படை கிடையாது, காவல்துறை கிடையாது, கருவூலத்திலும் கடன். அப்படியிருந்தும் முதலாம் எலிசபெத் 44 ஆண்டுகள் இங்கிலாந்தை எப்படிக் கைக்குள் வைத்திருந்தார் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கேள்வி வரலாற்றுப் பாடத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் விடையில் ஒரு பகுதி கணிதத்தில் இருக்கிறது என்பதால், அதைக் கையிலெடுக்கத் துணிகிறேன்.

பாடநூல்களில் உள்ளதை விரைவாகச் சொல்லிவிடலாம். 1558 நவம்பர் 17 அன்று, 25 வயதில், அவர் அரசியானார். அன்றாட ஆட்சியை மந்திராலோசனைக் குழு கவனித்தது. அதன் முதுகெலும்பாக வில்லியம் செசில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் இருந்தார். கவுண்டி எனப்படும் மாவட்டங்களில் அரசின் ஆணையை நிறைவேற்றியவர்கள் உள்ளூர் நிலக்கிழார்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட, சம்பளமில்லாத நீதிபதிகள். 1559ஆம் ஆண்டுச் சட்டம் அரசியைத் திருச்சபையின் தலைமை ஆளுநராக்கியதால், ஒவ்வோர் ஊரின் பிரசங்க மேடையும் அரசின் குரலாயிற்று. நாடாளுமன்றத்தைப் பத்தே முறைதான் அவர் தேர்தல் நடத்திக் கூட்டினார். திருமணப் பேச்சை முடிக்காமல் இழுத்தடித்தே ஐரோப்பிய அரசர்களைக் காத்திருக்க வைத்தார்.

இந்த அமைப்பு முழுவதும் ஓர் உயிரின் மீது நின்றது என்பதுதான் அதன் பலவீனம். எலிசபெத்துக்கு வாரிசு இல்லை. அவர் புராட்டஸ்டண்ட். அடுத்த உரிமையாளராகக் கருதப்பட்ட, ஸ்காட்லாந்தின் முன்னாள் அரசி மேரி ஸ்டூவர்ட்டோ கத்தோலிக்கர். 1568இல் தம் நாட்டிலிருந்து தப்பி வந்து இங்கிலாந்தில் சிறைக்காவலில் இருந்தார். 1570இல் போப்பாண்டவர் எலிசபெத்தைச் சபைநீக்கம் செய்து, குடிமக்கள் அவருக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்று அறிவித்தார். 1584இல் நெதர்லாந்தில் புராட்டஸ்டண்ட் தலைவர் ஆரஞ்சு வில்லியம் சுட்டுக் கொல்லப்பட்டபோது, ஆட்சியைக் கவிழ்க்க ஒரு துப்பாக்கிக் குண்டு போதும் என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. படையில்லாத அரசுக்கு இதிலிருந்து ஒரே பாதுகாப்புதான் உண்டு: சதி நடப்பதற்கு முன்பே அதை அறிவது. அந்தப் பொறுப்பை 1573 முதல் அரசியின் செயலாளராக இருந்த பிரான்சிஸ் வால்சிங்கம் ஏற்றிருந்தார்.

1586இல் மேரி ஸ்டாஃபோர்ட்ஷயரின் சார்ட்லி மாளிகையில் அடைக்கப்பட்டிருந்தார். வெளியுலகத் தொடர்பு அற்றுப்போயிருந்த நிலையில், கில்பர்ட் கிஃபர்ட் என்ற இளைஞர் ஒரு வழியைத் திறந்து தந்தார். மாளிகைக்குப் பீர் கொண்டுவரும் வியாபாரியின் பீப்பாய் அடைப்பானுக்குள், நீர் புகாத உறையில் சுற்றிய கடிதங்கள் உள்ளே வந்தன, வெளியே சென்றன. கிஃபர்ட் வால்சிங்கத்தின் ஆள் என்பது மேரிக்குத் தெரியாது. ஒவ்வொரு கடிதத்தையும் தாமஸ் ஃபெலிப்பஸ் என்ற சங்கேத வல்லுநர் படியெடுத்தார். ஆர்தர் கிரகரி என்பவர் உடைத்த முத்திரையைத் தடம் தெரியாமல் மீண்டும் ஒட்டினார். கடிதம் உரியவரிடம் போய்ச் சேர்ந்தது. கடிதங்களைத் தடுத்து நிறுத்தாமல் ஓடவிட்டதில்தான் வால்சிங்கத்தின் சாமர்த்தியம் இருந்தது.

மேரியும், எலிசபெத்தைக் கொன்று மேரியை அரியணையேற்றும் சதிக்குத் தலைமை வகித்த ஆண்டனி பாபிங்டனும் எழுதியது வெறும் ஆங்கிலமல்ல. ஆங்கில எழுத்துகளில் 23க்குத் தனித்தனிக் குறிகள், அடிக்கடி வரும் சொற்களுக்கும் தொடர்களுக்கும் முப்பதுக்கு மேற்பட்ட குறிகள், படிப்பவரைக் குழப்புவதற்கென்றே பொருளில்லாத நான்கு வெற்றுக் குறிகள், அடுத்த எழுத்து இரட்டிக்கிறது என்று காட்ட இன்னொரு குறி. பார்ப்பதற்குப் பாதுகாப்பாகத்தான் தோன்றும். 23 எழுத்துகளுக்கு 23 குறிகளை ஒதுக்கும் வழிகளை எண்ணினால் இருபத்து மூன்று இலக்க எண் வரும். ஒவ்வொன்றாகச் சோதிக்க எந்த மனிதராலும் இயலாது.

ஃபெலிப்பஸ் சோதிக்கவில்லை, எண்ணினார். ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பாக்தாத்தில் அல்-கிந்தி விளக்கி எழுதிவிட்ட முறை இது. எந்த மொழியிலும் எழுத்துகள் சமமாக வருவதில்லை. ஆங்கிலத்தில் நூறு எழுத்துக்குச் சுமார் பன்னிரண்டு ‘இ’, ஒன்பது ‘டி’, ‘இசட்’ ஆயிரத்துக்கு ஒன்றுகூடத் தேறாது. எழுத்துக்குப் பதிலாகக் குறியை வைத்தால் உருவம்தான் மாறுகிறது, நிகழ்வெண் மாறுவதில்லை. முகமூடி போட்டவரை நடையை வைத்து அடையாளம் காண்பது போன்றது இது.

இங்கே மாதிரி அளவின் பங்கை நின்று கவனிக்க வேண்டும். நூறு எழுத்துள்ள ஒரு சீட்டில் ‘இ’ ஆறு முறையும் வரலாம், பதினெட்டு முறையும் வரலாம். தற்செயலின் ஊசலாட்டம் அவ்வளவு பெரியது. அதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டாயிரம் எழுத்துள்ள கடிதத்தில் அது பெரும்பாலும் 240க்கு முன்பின் முப்பதுக்குள் அடங்கிவிடும். எழுதுபவர் எவ்வளவு மனம்விட்டு எழுதுகிறாரோ, அவ்வளவுக்கு அவரது மறைப்பு கலைகிறது. மேரி விரிவாக எழுதுபவர்.

வெற்றுக் குறிகளையும் இதே எண்ணிக்கை பிடித்துக் கொடுத்துவிடும். உண்மையான எழுத்துக்கு அக்கம்பக்கத்தில் விருப்பு வெறுப்பு உண்டு: ‘க்யூ’வுக்குப் பின் ‘யூ’ வரும், ‘டி’க்குப் பின் ‘எச்’ விரும்பி வரும், சில இணைகள் சேரவே சேரா. பொருளற்ற குறி எந்தப் பாகுபாடுமின்றி எல்லா எழுத்துகளோடும் நிற்கும். அந்தப் பொதுத்தன்மையே அதைக் காட்டிக்கொடுக்கும். இரட்டிப்புக் குறிக்கு நேர் எதிரான குறை: அதன் பின்னால் ‘எல்’, ‘எஸ்’, ‘ஓ’ போன்ற ஒருசில எழுத்துகளே திரும்பத் திரும்ப வரும். பாதுகாப்புக்காகச் சேர்த்த ஒவ்வொன்றும் ஆய்வாளருக்கு ஒரு துப்பாகிவிடுவதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்புத் தீர்வதில்லை.

1586 ஜூலை 17 தேதியிட்ட பாபிங்டனுக்கு மேரி எழுதிய பதில், தம்மை விடுவிக்கும் திட்டத்தையும் ‘ஆறு கனவான்கள்’ செய்யவேண்டிய காரியத்தையும், அதாவது எலிசபெத்தின் கொலையையும், பேசியது. ஃபெலிப்பஸ் தம் படியின் மேல் தூக்குமரப் படம் ஒன்றை வரைந்து அனுப்பினார். அதோடு நிற்கவில்லை. அந்த ஆறு பேரின் பெயர்களைக் கேட்கும் பின்குறிப்பு ஒன்றை மேரியின் சங்கேதத்திலேயே எழுதிச் சேர்த்தார். இவ்வகைச் சங்கேதத்தில் படிக்கும் சாவியும் எழுதும் சாவியும் ஒன்றே என்பதால், உடைத்தவரால் எழுதியவரைப் போலவே எழுதி நடிக்கவும் முடியும். பெறுபவரால் வேறுபாடு காண வழியில்லை. இன்றைய மின்னணுக் கையொப்பம் தீர்க்க முயலும் சிக்கல் இதுவேதான். அக்டோபரில் ஃபாதரிங்கே கோட்டை விசாரணையில் மேரி மூலக் கடிதங்களைக் கேட்டார். காட்டப்பட்டவை படிகள் மட்டுமே. மேரி குற்றமற்றவர் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பொய்ப் பின்குறிப்பு எழுதியவரின் படியைச் சான்றாக வைத்தது நீதியாகாது. 1587 பிப்ரவரி 8 அன்று அவர் தலை துண்டிக்கப்பட்டது. ஆணையில் கையெழுத்திட்டிருந்த எலிசபெத், அதை அனுப்பத் தாம் சொல்லவில்லை என்று கூறி, செயலாளர் டேவிசனைச் சிறையிலடைத்தார். பழி தம் மீது விழாமல் பார்த்துக்கொள்வதும் அவரது ஆட்சிமுறையின் ஓர் அங்கம்.

எலிசபெத்தின் முடிசூட்டுக்கு 1559 ஜனவரி 15ஐ நாள் பார்த்துக் குறித்துக் கொடுத்தவர் ஜான் டீ. கணித அறிஞர், சோதிடரும்கூட. நீண்ட ஆட்சிக்கு அந்த நல்ல நாளே காரணம் என்று இன்றும் யாரேனும் சொல்லக்கூடும். பாபிங்டனின் கடிதத்தைக் கிரகம் படிக்கவில்லை, ஃபெலிப்பஸ் படித்தார். அந்தப் பணிக்குத் தம் சொந்தப் பணத்தையும் செலவிட்ட வால்சிங்கம் 1590இல் கடனாளியாகவே இறந்தார். அறிவுக்குச் செலவிட அரசுகள் தயங்குவது அன்றைக்கே தொடங்கிவிட்டது.

இந்தக் கதைக்கு 2023இல் ஒரு தொடர்ச்சி கிடைத்தது. பிரான்சின் தேசிய நூலகத்தில், இத்தாலிய விவகாரங்கள் என்று தவறாகப் பட்டியலிடப்பட்டிருந்த சங்கேதக் கடிதங்களை ஜார்ஜ் லாஸ்ரி, நோர்பெர்ட் பியர்மன், சடோஷி டொமொகியோ ஆகிய மூவர் உடைத்தனர். மொழி பிரெஞ்சு, எழுதியவர் மேரி, காலம் 1578 முதல் 1584 வரை, மொத்தம் 57 கடிதங்கள், பெரும்பாலானவை பிரெஞ்சுத் தூதர் காஸ்டெல்னோவுக்கு எழுதியவை. இச்சங்கேதம் பாபிங்டனுடையதைவிட வலுவானது: அடிக்கடி வரும் எழுத்துக்குப் பல மாற்றுக் குறிகளை ஒதுக்கி, நிகழ்வெண் மேடுபள்ளங்களைச் சமன்செய்திருந்தார்கள். அதனால் கணினி ஏதோ ஒரு சாவியோடு தொடங்கி, வரும் உரை எவ்வளவு பிரெஞ்சைப் போலிருக்கிறது என்று மதிப்பெண் போட்டு, ஒரு குறியை மாற்றிப் பார்த்து, மதிப்பெண் கூடினால் வைத்துக்கொண்டு, குறைந்தால் விட்டுவிட்டு, சிறுகச் சிறுக விடையை நோக்கி ஏறியது.

வால்சிங்கத்திடம் அப்படிப்பட்ட கருவி இருக்கவில்லை. ஆயினும் அக்கடிதங்களில் சிலவற்றின் வெளிப்படையான பிரதிகள் அவர் காலத்திலேயே அவர் கைக்கு வந்துவிட்டிருந்தன. லண்டனிலிருந்த பிரெஞ்சுத் தூதரகத்துக்குள் இருந்த ஒருவர் அவற்றைக் கசியவிட்டிருந்தார்.