ஆறு எப்போது கோட்டையாகிறது?

இலங்கை மலையகத்தின் தலவாக்கலையில் ஆனி மழை விடாமல் பிடித்தால் லயத்துக்குப் பின்னால் உள்ள கான் பொங்கி, கொத்மலை ஓயாவில் போய் விழும். அந்தத் தண்ணீர் மகாவலியோடு சேர்ந்து, மேற்கு, வடக்கு, கிழக்கு என மூன்று பக்கமும் கண்டியைச் சுற்றுகிறது. தெற்கே மலை. கண்டி ராஜ்யத்தின் தலைநகரம் கிட்டத்தட்ட ஓர் ஆற்றுத் தீவு.

அகழி என்றதும் ஆழத்தைத்தான் நினைக்கிறோம். ஆனால் ஆள் மூழ்காத தண்ணீரும் படையை நிறுத்திவிடும். நீர் மார்பு வரை ஏறினால் மிதப்பு விசை உடல் எடையில் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்கிறது. கால் தரையை அழுத்துவது குறைய, பிடிமானமும் போய்விடுகிறது. அதே நேரம் ஓடும் நீரின் வேகம் 2 மடங்கானால் தள்ளும் விசை 4 மடங்காகும். வெள்ளத்தில் ஆழமும் வேகமும் சேர்ந்தே ஏறும். அதனால்தான் நேற்று நடந்து கடந்த துறையில் இன்று கால் வைக்க முடிவதில்லை.

இதற்குக் காவிரி ஒரு நல்ல சாட்சி. திப்பு சுல்தானின் தலைநகரமான ஸ்ரீரங்கப்பட்டணம், காவிரி இரண்டாகப் பிரிந்து அணைத்த கோட்டைத் தீவு. மழை வந்து ஆறு நிரம்பினால் முற்றுகை முடிந்தது என்று ஆங்கிலேயருக்குத் தெரியும், அதனால் அவசரப்பட்டார்கள். பீரங்கியால் மதிலை உடைத்து, 1799 மே 4 அன்று, பருவமழைக்கு முன், ஆற்றை நடந்தே கடந்தார்கள். திப்பு சுல்தான் அன்று போரில் இறந்தார்.

சரி, மகாவலிக்கு வருவோம். 1803 பெப்ரவரியில் ஆங்கிலப் படை கண்டிக்குள் நுழைந்துவிட்டது. ஆனால் ஜூனில், காய்ச்சலில் நலிந்து சரணடைந்த ஆங்கிலத் தளபதி மேஜர் டேவியின் ஆட்கள் திருகோணமலைக்குப் போகப் புறப்பட்டபோது, வட்டபுலுவத் துறையில் ஆறு பெருகிக் கிடந்தது. கடக்கப் படகில்லை. கரையிலேயே மாட்டிக்கொண்டார்கள், பெரும்பாலானோர் அங்கேயே கொல்லப்பட்டார்கள். காவிரிக்கு நீர் தரும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் இங்கேயும். சில மாதம் முன்பின் என்பது எவ்வளவு பெரிய வித்தியாசம்!

1815இல் கண்டி வீழ்ந்ததற்குப் பிரதானிகள் அரசனைக் கைவிட்டது முக்கியக் காரணம், ஆற்றை மட்டும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் படை வந்த மாதம் பெப்ரவரி. மகாவலி இளைத்திருக்கும் காலம்.

இப்போது அந்த ஏற்ற இறக்கம் பழையபடி இல்லை. மேலே கொத்மலை அணை வெள்ளத்தைத் தேக்குகிறது. 1976 முதல் பொல்கொல்லையில் ஆற்றின் ஒரு பகுதியைச் சுரங்க வழியாக வடக்கு வயல்களுக்குத் திருப்புகிறார்கள்.