காருக்குள் குடியேறிய சிகரெட் நாற்றம்

வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்கினேன். பார்க்கப் போன அன்று உள்ளே மல்லிகை வாசனை கமகமவென்று இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து சில நாளில் சிகரெட் நாற்றம் தலைகாட்டியது. மத்தியான வெயிலில் கதவைத் திறந்தால் மூக்கைப் பொத்த வேண்டியிருக்கிறது. ஜன்னலை எல்லாம் திறந்து போட்டேன், சாம்பிராணி காட்டினேன், எலுமிச்சம்பழம் அறுத்து வைத்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. பிடித்தவர் போய்விட்டார், புகை மட்டும் ஏன் போகவில்லை?"

புகை எப்போதோ போய்விட்டது. ஒரு சின்ன காரின் உள்ளே இருப்பது ஏறத்தாழ மூன்று கன மீட்டர் காற்றுதான். நான்கு ஜன்னலையும் இறக்கிவிட்டு ஒரு தெருவைச் சுற்றி வந்தால் அந்தக் காற்று பல முறை மாறியிருக்கும். இப்போது நாறுவது புகை அல்ல, கார்.

சிகரெட் புகையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் இருக்கின்றன. ஒரு பகுதி வாயு. மறு பகுதி, ஒரு மைக்ரானுக்கும் சிறிய தார்த் துளிகள். ஓட்டுநர் கண்ணாடியை நான்கு விரற்கடை இறக்கிவிட்டுப் புகைக்கும்போது எல்லாம் வெளியே போய்விட்டதாகத்தான் நினைப்பார். சூடான புகை முதலில் மேலே எழும்பிக் கூரைத் துணியில் படும். மிச்சம் சீட், சீட் பெல்ட், டேஷ்போர்டு, ஏசியின் கூலிங் காயில் என்று கிடைத்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் ஒரு வெள்ளைத் துணியை ஈரமாக்கி, முன் கண்ணாடியின் உட்புறத்தில், டேஷ்போர்டோடு சேரும் கீழ் மூலையில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வழக்கமாகத் துடைப்பவர்களின் கை எட்டாத இடம் அது. துணியில் மஞ்சள் கலந்த பழுப்பு இறங்கும். விரலால் தொட்டால் லேசாகப் பிசுபிசுக்கும். கண்ணாடியிலேயே இவ்வளவு என்றால் துணியிலும் பஞ்சிலும் எவ்வளவு இறங்கியிருக்கும்!

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி.

நாற்றம் தரும் மூலக்கூறு ஒன்று ஓர் இடத்தில் ஒட்டினால் அங்கேயே கிடப்பதில்லை. ஒட்டும், பிய்த்துக்கொண்டு காற்றுக்கு வரும், மறுபடி எங்காவது ஒட்டும். போகிற வேகமும் வருகிற வேகமும் சமமாகும்போது ஒரு சமநிலை உண்டாகிறது. வேதியியல் பாடத்தில் படித்த அதே சமநிலைதான். ஆனால் இரண்டு பக்கமும் சம அளவு இருக்கும் என்று இதற்குப் பொருள் இல்லை. ஒரு பேச்சுக்கு, காற்றில் ஒன்று இருந்தால் பரப்புகளில் ஆயிரம் இருக்கிறது என்று வையுங்கள். நிகோடின் மாதிரியான, எளிதில் ஆவியாகாத பொருளுக்கு வித்தியாசம் இதைவிடப் பெரிது. சட்டைப் பையில் நூறு ரூபாயும் வங்கியில் ஒரு லட்சமும் வைத்திருப்பவரின் பையைக் காலி செய்வதுதான் ஜன்னலைத் திறப்பது. அவர் அடுத்த ஏடிஎம்மில் இன்னொரு நூறு எடுத்துக்கொள்வார்.

இதை ஒரு முழு வீட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2018-ல் அமெரிக்காவின் ஆஸ்டினில், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் சோதனை வீட்டில், பல பல்கலைக்கழகங்களின் விஞ்ஞானிகள் கூடி, சமைத்து, துடைத்து, கழுவி, அந்த வீட்டுக் காற்றை நொடிக்கு நொடி அளந்தார்கள். அதில் ஒரு சோதனை மிக எளியது. கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டார்கள். காற்றில் இருந்த பொருள்களின் அளவு சரசரவென இறங்கியது. மூடினார்கள். திரும்ப ஏறி, கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே வந்து நின்றது. பத்தொன்பது பொருள்களைப் பின்தொடர்ந்ததில் பெரும்பாலானவை காற்றில் இல்லை, பரப்புகளில்தான் குடியிருந்தன. 2020-ல் 'சயன்ஸ் அட்வான்சஸ்' இதழில் வந்த இந்த ஆய்வின் வரைபடங்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மூட மூட ஏறும் அந்தக் கோடு அலுப்பதே இல்லை.

வீட்டைவிடக் கார் மோசம். மூன்று கன மீட்டர் காற்றைச் சுற்றி எத்தனை துணி, எத்தனை ஃபோம், எத்தனை பிளாஸ்டிக்! போதாததற்கு, ரெக்சினும் ஃபோமும் மூலக்கூறுகளை மேலோடு பிடித்துவைப்பதோடு நிற்பதில்லை, உள்ளேயும் இழுத்துக்கொள்கின்றன. வருடக்கணக்கில் உள்ளே இறங்கியது வெளியே வரவும் நாளாகும். மேலே துடைத்ததும் நாற்றம் குறைந்து, அடுத்த வாரம் திரும்பி வருவதற்கு இதுதான் காரணம். உள்ளிருந்து அடுத்த தவணை மேலே வந்திருக்கும்.

மத்தியானத்தில் ஏன் அதிகம் நாறுகிறது என்பதும் இதிலேயே அடங்கும். இத்தகைய பொருள்களின் ஆவியழுத்தம் பத்து டிகிரி ஏறினால் சுமார் இரண்டு மடங்காகும். காலையில் 25 டிகிரியில் இருக்கும் கார், சித்திரை வெயிலில் மூடிக் கிடந்தால் உள்ளே 60-ஐத் தாண்டிவிடும். அப்போது காற்றில் இருக்கும் நாற்றச் சரக்கு பத்துப் பதினைந்து மடங்கு. கார் விற்பவர் காலை ஏழு மணிக்கு வரச் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.

சரி, வங்கியில் இருப்பதை எப்படி எடுப்பது? இங்கே அமிலமும் காரமும் உதவிக்கு வருகின்றன.

சிகரெட் நாற்றத்தில் முக்கியமான ஒரு கூட்டம் பிரிடின் வகைப் பொருள்கள். நிகோடின் வெப்பத்தில் சிதையும்போதும் இவை உண்டாகின்றன. நிகோடினும் சரி, இவையும் சரி, எல்லாமே காரங்கள். ஒரு காரத்துக்கு அமிலம் ஒரு புரோட்டானைக் கொடுத்தால் அது மின்னூட்டம் பெற்று உப்பாகிவிடும். உப்பு ஆவியாகாது. ஆவியாகாதது மூக்குக்கு வராது. அதோடு தண்ணீரில் நன்றாகக் கரையும், அதாவது ஈரத் துணியோடு வந்துவிடும். அமிலமா காரமா என்பதைக் காட்டும் அளவுகோல் பி.எச்.; எண் குறையக் குறைய அமிலம் அதிகம். நிகோடினுக்கு இந்தத் திருப்புமுனை பி.எச். 8. அந்த அளவில் பாதி உப்பாகவும் பாதி ஆவியாகக்கூடிய வடிவிலும் இருக்கும். பி.எச். 6-க்கு வந்தால் ஆவியாகக்கூடியது நூற்றில் ஒன்று. வினிகரின் பி.எச். 3-க்குப் பக்கம், அங்கே லட்சத்தில் ஒன்று. பிரிடினின் திருப்புமுனை 5.2, அதனால் அதுவும் வினிகரில் மாட்டிக்கொள்ளும்.

வினிகர் வைத்தியம் பாட்டி வைத்தியம் மாதிரித் தெரிந்தாலும் அதன் பின்னால் இவ்வளவு கணக்கு இருக்கிறது. ஒரு சிக்கல் உண்டு. வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம் தானே ஆவியாகிவிடும். தெளித்துவிட்டு அப்படியே விட்டால், அமிலம் பறந்துபோனதும் உப்பு பழைய வடிவத்துக்குத் திரும்பும், நாற்றமும் திரும்பும். தெளித்து, துடைத்து, துணியை அலசி, மறுபடி துடைக்க வேண்டும். நிகோடின் காரை விட்டு வெளியேறுவது அந்தத் துணியில்தான்.

எல்லாரும் சிபாரிசு செய்யும் சமையல் சோடாவைப் பாருங்கள். அதன் கரைசல் பி.எச். 8.3. அந்த ஈரத்தில் நிகோடினில் மூன்றில் இரண்டு பங்கு ஆவியாகத் தயாராக இருக்கும்! பால் கொட்டிப் புளித்த நாற்றத்துக்குச் சோடா அருமையான மருந்து, ஏனென்றால் அது அமிலங்களின் நாற்றம். இங்கே எதிராளி வேறு. புகைவாடை தரும் பீனால்களையாவது பிடிக்குமா என்றால் அதுவும் இல்லை. பிளஸ் டூ ஆய்வகத்தை நினைத்துப் பாருங்கள்: சோடியம் பைகார்பனேட்டோடு கார்பாக்சிலிக் அமிலம் நுரைத்துப் பொங்கும், பீனால் சும்மா இருக்கும். அந்தச் சோதனையின் பயன் இருபது வருடம் கழித்துக் கார் சீட்டில் கிடைக்கிறது. சோப்புத் தண்ணீர் போட்டுக் கழுவிய அன்று நாற்றம் கூடிவிட்டதாகச் சிலர் புலம்புவதும் இதனால்தான். சோப்பு காரத்தன்மை உடையது, நிகோடினை அவிழ்த்துவிடுகிறது. ஆனால் சோப்பில்லாமல் தார் கரையாது. எனவே முதலில் சோப்பு, அப்புறம் வினிகர்.

இனி வாசகரின் எலுமிச்சம்பழம். அதிலுள்ள சிட்ரிக் அமிலம் ஆவியாகாது. பழத்தை அறுத்து டேஷ்போர்டில் வைத்தால் அமிலம் பழத்திலேயே இருக்கும், மணம் மட்டும் கிளம்பி நாற்றத்தை மறைக்கும். முன்பக்கம் மிளகாயோடு கட்டித் தொங்கவிடும் எலுமிச்சை திருஷ்டியைக் கழிப்பதாகச் சொல்கிறார்கள். நாற்றத்தைக் கழிக்கிற அளவுக்குத்தான் அதையும் கழிக்கும் என்பது என் கருத்து. சாம்பிராணி இன்னும் வேடிக்கை. அதுவும் புகை, அதிலும் நுண்துகள், அதிலும் பீனால். மூடிய காருக்குள் அதைக் காட்டுவது பழைய வைப்புத்தொகையின் மேல் புதிதாக ஒன்று போடுவது. ஆயுத பூஜைக்கு வெளியே நிறுத்திக் காட்டுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

சில கடைகளில் 'ஓசோன் டிரீட்மென்ட்' என்று ஒரு பெட்டியைக் காருக்குள் வைத்து மூடிவிடுகிறார்கள். ஓசோன் பல நாற்றப் பொருள்களை உண்மையிலேயே உடைக்கும். உடைந்த துண்டுகள் என்ன ஆகின்றன என்பதுதான் கேள்வி. நிகோடினும் ஓசோனும் வினைபுரிந்தால் ஃபார்மால்டிஹைடும் மிக நுண்ணிய துகள்களும் உண்டாகின்றன. எலுமிச்சை, ஆரஞ்சு வாசனை ஸ்பிரேக்களில் உள்ள லிமோனீனும் ஓசோனோடு சேர்ந்தால் இதையே செய்யும். நுரையீரலுக்கு ஓசோனே ஆகாது, ரப்பரையும் அது வெடிக்க வைக்கும். துடைத்து முடித்த பிறகும் கொஞ்சம் மிச்சமிருந்தால், காரில் யாரும் இல்லாமல் செய்து, நெடுநேரம் திறந்து போடலாம். துடைக்கச் சோம்பல்பட்டுக்கொண்டு அதற்குப் பதிலாகச் செய்வதில் எனக்குச் சம்மதமில்லை.

இது மூக்கு சுளிக்கிற விஷயம் மட்டும் அல்ல. 2010-ல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தினர், பரப்பில் படிந்த நிகோடின் காற்றில் உள்ள நைட்ரஸ் அமிலத்தோடு வினைபுரிந்து நைட்ரோசமைன்களை உண்டாக்குவதைக் காட்டினார்கள். அவற்றில் புற்றுநோய் வரவழைப்பவையும் உண்டு. வாகன எஞ்சின்கள் நைட்ரஸ் அமிலத்தை வெளியிடுகின்றன. அதிகம் புகைக்கும் ஒருவரின் வண்டிக்குள் துடைத்துப் பார்த்தபோது அந்த நைட்ரோசமைன்கள் அங்கேயே இருந்தன. சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் மாட் குழு 2008-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நம் கதைக்கு நெருக்கமானது. விற்பனைக்கு வந்த பழைய கார்களில், புகைப்பவர்களுடையவை 87, புகைக்காதவர்களுடையவை 20, எல்லாவற்றிலும் நிகோடினை அளந்தார்கள். "நான் காருக்குள் மட்டும் பிடிக்கமாட்டேன்" என்ற கட்டுப்பாடுள்ளவர்களின் கார்களில் காற்றில் நிகோடின் குறைவு. தூசியிலும் பரப்பிலும் அவ்வளவாகக் குறையவில்லை. சட்டையிலும் கையிலும் வந்து இறங்கியிருக்க வேண்டும். கிலோமீட்டரும் இன்சூரன்சும் எழுதித் தரும் விற்பனையாளர்கள் இதையும் ஒரு வரி எழுதித் தரலாம்.

அந்த பெர்க்லி ஆய்வுக்குப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? சிகரெட்டிலிருந்து. 1988-ல் கலிபோர்னிய மக்கள் வாக்களித்துப் பாக்கெட்டுக்கு 25 சென்ட் கூடுதல் வரி போட்டார்கள். அதில் 5 சதவீதம் புகையிலை ஆராய்ச்சிக்கு என்று எழுதியே வைத்தார்கள். இங்கேயும் சிகரெட்டுக்கு வரிக்குக் குறைவில்லை. அதிலிருந்து ஒரு துளியை நம் பல்கலைக்கழக வேதியியல் துறைகளுக்குத் திருப்பிவிட்டால், நம் வெயிலில், நம் ரெக்சின் சீட்டில் பீடிப் புகை என்ன செய்கிறது என்று நம் மாணவர்களே அளந்து சொல்வார்கள்.

வாசகர் செய்ய வேண்டியது இதுதான். முதலில் ஆஷ்டிரேயை எடுத்துக் கழுவி, மிதியடிகளை வெளியே போட்டு, சீட் இடுக்குகளில் வேக்குவம் போடுங்கள், தூசியில் நிகோடின் நிறைய. கண்ணாடி, டேஷ்போர்டு, கதவுப் பலகை, ஸ்டீயரிங் எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரால் துடைத்து, பிறகு பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த வெள்ளை வினிகரால் துடையுங்கள். துணியில் நிறம் வருவது நிற்கும்வரை தொடருங்கள். மறைவான ஓரிடத்தில் முதலில் சோதித்துக்கொள்வது நல்லது. சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்து, க்ளிப் போட்டு நிறுத்தி, அதையும் துடையுங்கள். முகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் அதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். கூரைத் துணியை மட்டும் நனைக்கக் கூடாது. பின்னால் இருக்கும் பசை விட்டுப்போய்த் துணி தொங்கும். பிழிந்த துணியால் ஒற்றி எடுப்பதோடு நிறுத்துங்கள். ஏசி ஃபில்டரைப் புதிதாக மாற்றிவிடுங்கள், பல கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். கூலிங் காயிலைச் சர்வீஸில் கழுவச் சொல்லுங்கள்.

அப்புறம் வெயிலுக்கு வேலை கொடுங்கள். மூடி வைத்து நன்றாகச் சூடேறியதும் நான்கு கதவையும் திறந்துவிடுங்கள். சூட்டில் அதிகச் சரக்கு காற்றுக்கு வந்திருக்கும்போது திறந்தால், ஒவ்வொரு முறையும் போகிற தொகை பெரிதாக இருக்கும். ஜன்னல் திறப்பதில் உருப்படியான பலன் கிடைக்கும் நேரம் இதுதான். சில வாரம் இப்படிச் செய்து, இடையிடையே துடைத்தும், மத்தியானத்தில் இன்னும் நாறினால் சரக்கு ஃபோமில் ஆழமாக இறங்கியிருக்கிறது. சீட் கவர் தைக்கும் கடைகளில் பஞ்சை மாற்றித் தருவார்கள், கூரைத் துணியையும் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம். புதுத் துணி ஒட்டும் முன் பழைய பசையையும் பிசிறையும் முழுக்கச் சுரண்டி எடுக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள்.